புயலில் செல்போன் படுத்தால், 'அம்மா நலம்' என்ற வரியை ஹாம் ரேடியோ சென்னைக்குக் கொண்டுவருமா?

தங்கச்சிமடத்தில் வீடு, சென்னையில் வேலை. புயல் வந்தால் ஊரில் டவர் படுத்துவிடுகிறது, அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரியவே ஒன்றரை நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், குறித்த நேரத்தில் அலைவரிசையில் கூடி, யார் யாருக்கோ உரிய செய்திகளை ஊருக்கு ஊர் கைமாற்றிச் சேர்க்கிறார்களாமே, ராமநாதபுரம் கடற்கரையில் அப்படி ஒன்று தொடங்க என்ன செட் வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். செட்டைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். போன் இல்லாத ஒரு நாளில், முகம் தெரியாத ஒருவர் உங்கள் அம்மா சொன்ன வரியை வாங்கி, வழியில் மூன்று நான்கு பேர் கைமாறி, அதே வரியாக உங்களிடம் சேர்ப்பாரா? அலை வந்து சேரும், அதில் எனக்குப் பெரிய சந்தேகம் கிடையாது. வரி மாறாமல் வருமா என்பது செட்டைவிடப் பழக்கத்தைப் பொறுத்தது. நீங்கள் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தந்தி ஆபீசில் மோர்ஸ் சாவி தட்டி வேலை பழகியவன். பிறகு அதே மோர்ஸை வைத்து ஹாம் உரிமத்தில் ஜெனரல் கிரேடு எடுத்து, ராமநாதபுரத்திலிருந்து 40 மீட்டர் அலைவரிசையில் பல வருடங்களாகப் பேசிவருகிறேன். ஆகவே செய்தியைக் கைமாற்றுவது பற்றி நான் சொல்வது கைப்பழக்கம். அலை பரவுவது பற்றிச் சொல்வது பாதி படிப்பு, பாதி காது. சட்டம் பற்றிச் சொல்வது ஓர் உரிமதாரர் விதியைப் படித்துப் புரிந்துகொண்ட அளவுக்குத்தான். நான் வக்கீல் இல்லை.

முதலில் அந்த அமெரிக்க ஏற்பாடு. 1914-ல் ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் இருந்தார். சுமார் 30 மைல் தள்ளியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டை அவருடைய டிரான்ஸ்மிட்டரால் எட்ட முடியவில்லை. நடுவில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த ஒருவர் செய்தியை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக். ராமநாதபுரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவிலுள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். 1949-ல் அந்தச் சங்கம் தேசியச் செய்திப் போக்குவரத்து ஏற்பாட்டை அமைத்தது. மாநில அளவில் ஒரு நெட், அதாவது குறித்த நேரத்தில் அலைவரிசையில் கூடும் கூட்டம், அதற்கு மேல் சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு மண்டல நெட், அதற்கும் மேல் நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு நெட். கீழ் நெட்டில் சேர்ந்த செய்திகளை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த நேரத்தில் மேல் நெட்டுக்குப் போவார். அங்கிருந்து எதிர்த் திசைக்குரியவர் வாங்கிக்கொண்டு படிப்படியாக இறங்குவார். கடைசியில் உள்ளூர் ஹாம் ஒருவர் உரியவருக்குப் போன் செய்து வாசித்துக் காட்டுவார். காசு கிடையாது.

தினமும் அங்கே போகும் செய்திகளில் பெரும்பகுதி பிறந்தநாள் வாழ்த்து, 'உங்கள் உரிமம் காலாவதியாகப் போகிறது' மாதிரி சாரமில்லாதவைதான். இன்டர்நெட் காலத்தில் இது என்ன வேலை என்று அங்கேயே பலர் கேலி செய்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சாரமில்லாத செய்திகளில்தான் அந்த ஏற்பாட்டின் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது. தினமும் வாழ்த்துச் செய்தியை எழுத்துப் பிசகாமல் கைமாற்றிப் பழகியவன்தான் வெள்ளத்தன்று மருந்துப் பட்டியலைப் பிசகாமல் கைமாற்றுவான்.

அவர்களுடைய செய்திப் படிவத்தைப் பார்த்தால் பழைய தந்திக்காரர்களுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு நெருக்கமான உறவு. செய்திக்கு ஓர் எண். அவசரம், முன்னுரிமை, நலம், சாதாரணம் என்று நான்கில் ஒரு தரம். செய்தி கிளம்பிய நிலையத்தின் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர். சொற்களின் எண்ணிக்கை. கிளம்பிய ஊர், நேரம், தேதி. அப்புறம் பெறுநர் முகவரி, 25 சொல்லுக்குள் செய்தி, அனுப்புபவர் பெயர். அடிக்கடி வரும் வாசகங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். 'இங்கே எல்லோரும் பத்திரம், கவலை வேண்டாம்' என்பதற்கு எண் ஒன்று. நம் தந்தி ஆபீசில் கல்யாண வாழ்த்துக்கும் தீபாவளி வாழ்த்துக்கும் எண் போட்டு அனுப்பிய அதே உத்தி. 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது அந்த எண் பட்டியலும் போயிற்று.

நெட் நடக்கும்போது நடுவில் ஒருவர் கட்டுப்பாட்டு நிலையமாக இருப்பார். நேரம் வந்ததும் அழைப்பார். ஒவ்வொருவரும் தன் அழைப்புக்குறியையும் கையில் எந்த ஊருக்கு எத்தனை செய்தி இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மதுரைக்குச் செய்தி வைத்திருப்பவரையும் மதுரைக்காரரையும் அவர் இணைத்து, 'நீங்கள் இருவரும் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே போய் முடித்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்புவார். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காவிட்டால் இருவரையும் கேட்கக்கூடிய மூன்றாமவர் நடுவில் நிற்பார். வாசிப்பவர் நாலைந்து சொல் சொல்லி நிறுத்த வேண்டும், எழுதுகிற கையின் வேகத்துக்கு. விட்டுப்போனதை 'இன்ன சொல்லுக்குப் பிறகு என்ன' என்று கேட்டு நிரப்பிக்கொண்டு, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகுதான் பெறுபவர் 'ரோஜர்' சொல்லலாம். நம்மூர்ப் பேச்சில் ரோஜர் என்றால் ஆமாம் என்று ஆகிவிட்டது. செய்தி நெட்டில் அதற்கு 'முழுவதும் எழுதிவிட்டேன்' என்பது மட்டுமே பொருள்.

இங்கேதான் செட்டைவிடப் பழக்கம் பெரிது என்று சொன்னேன். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு முகாமிலிருந்து இப்படி ஒரு செய்தி கிளம்புகிறது: 'முகாமில் 212 பேர் நிறுத்தம் குடிநீர் இன்றிரவு வரை போதும் நிறுத்தம் இன்சுலின் 6 பேருக்கு உடனே தேவை.' 'நிறுத்தம்' என்பது தந்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதில். அதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், 14 சொல். இதை ஒருவர் 'ஆறு பேருக்கு' என்று வாசித்தால், இரைச்சலில் அது 'நூறு பேருக்கு' என்று கேட்கும். எனக்கே அப்படிக் கேட்டிருக்கிறது. அதனால் எண்ணை முதலில் எண்ணாகவும் பிறகு இலக்கம் இலக்கமாகவும் சொல்லப் பழக வேண்டும்: 'இருநூற்றுப் பன்னிரண்டு, இலக்கமாக இரண்டு, ஒன்று, இரண்டு.' தமிழில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மறுப்பு நமக்கு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'உயிர்ச்சேதம் எதுவும் இல்லை' என்று வாசிக்கும்போது அலை மங்கிக் கடைசிச் சொல் விழுந்தால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். ஆகவே செய்தி எழுதும்போதே 'அனைவரும் பத்திரம்' என்று நேராக எழுத வேண்டும், 'இல்லை'யை நம்பி வாக்கியம் அமைக்கக் கூடாது. எண்ணிக்கை சரிபார்ப்பதும் இதற்குத்தான். 14 என்று சொல்லி 13 வந்தால் எங்கோ ஒன்று விழுந்திருக்கிறது. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கம் நமக்கு இருப்பதால் எழுதும் படிவத்தில் கட்டம் போட்டுவிடுவது நல்லது. ஒரு கட்டம், ஒரு சொல். சந்தி இலக்கணச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கைமாற்றுபவர்களுக்கு ஒரு கெட்ட ஆசை வரும், செய்தியைத் திருத்த. 'இன்சுலின் என்று மட்டும் இருக்கிறதே, சிரிஞ்சும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்' என்று நல்ல மனதோடுதான் செய்வார்கள். மூன்றாவது கையில் அது வேறு செய்தியாகிவிடும். நடுவில் நிற்பவர் தபால்காரர், அவ்வளவுதான். தப்பு என்று தெரிந்தாலும் அப்படியே கொடுத்துவிட்டு, கிளம்பிய நிலையத்துக்குத் தனியாக ஒரு கேள்விச் செய்தி அனுப்ப வேண்டும். ஆட்களின் பெயரிலும் இதே கண்டிப்பு வேண்டும். கீழக்கரையில் ஒரே தெருவில் நாலு செய்யது இபுராகீம் இருப்பார்கள். தகப்பனார் பெயர், தெரு, போன் எண் மூன்றும் இல்லாத முகவரியை நெட்டில் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் உரிமம் இல்லாத மூன்றாம் நபரின் செய்தியை ஹாம் ஒருவர் உள்நாட்டுக்குள் அனுப்பலாம். நமக்கு 1978-ல் வந்த அமெச்சூர் (ஹாம்) சேவை விதிகள் வகுத்த கொள்கை வேறு. ஹாம்கள் தங்களுக்குள் பேசுவது தொழில்நுட்பச் சோதனை பற்றியும், பொதுத் தந்தி-தொலைபேசியைத் தேடிப் போக வேண்டாத அளவு சின்னச் சொந்த விஷயங்கள் பற்றியும் இருக்கலாம். மற்றவர் செய்தியைக் கொண்டுபோகக் கூடாது. இயற்கைப் பேரிடரில் வழக்கமான தொடர்பு அறுந்துபோனால் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் செய்தி மாவட்ட ஆட்சியர் போன்ற தகுதிவாய்ந்த அதிகாரியிடமிருந்தோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமிருந்தோ கிளம்பி, அப்படிப்பட்ட அதிகாரிக்கே போக வேண்டும். அதாவது, அமெரிக்காவில் நடப்பதுபோல் பொதுமக்கள் செய்தியைத் தினமும் கடத்தும் நெட் இங்கே சட்டப்படி நடக்காது. உங்கள் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து 'தம்பி, பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு' என்று சாதாரண நாளில் கேட்டால் நான் மாட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டு மனம் விட வேண்டாம். விலக்கின் வாசகத்துக்குள்ளேயே உங்கள் தேவைக்கு வழி இருக்கிறது. பேரிடரில் முகாமில் இருப்பவர்களின் பட்டியலை கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார், வட்டாட்சியருக்குப் போகிறது. அந்தப் பட்டியலை ஆட்சியர் அலுவலகம் அதிகாரபூர்வச் செய்தியாகச் சென்னையிலுள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு ஹாம் வழியாக அனுப்பினால் அது விதிக்கு உட்பட்டது. அங்கிருந்து 1070-ல் கேட்பவருக்கு 'உங்கள் அம்மா இன்ன முகாமில் இருக்கிறார்' என்று சொல்லிவிடலாம். தனித்தனியாக நூறு செய்தியைவிட ஒரு பட்டியல் அலைவரிசைக்கும் லாபம். பேரிடரில் ஹாம்களை அரசு பயன்படுத்திய முன்னுதாரணத்துக்கும் குறைவில்லை. 2004 டிசம்பரில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தின் குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேச அனுமதி வாங்கிப் போர்ட் பிளேரில் இருந்தது. 26-ம் தேதி சுனாமி வந்ததும் அந்த நிலையமே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி வழியானது. பொழுதுபோக்குக்கு வைத்திருந்த செட்தான். தயாராக நிறுத்தியிருந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

இனி நம் கரையின் புவியியல். ராமேசுவரம் தீவு, நடுவில் பாலம், அப்புறம் கிழக்கே நீண்ட ஒல்லியான நிலம், அதன் அடியில் ராமநாதபுரம். 2 மீட்டர் அலைவரிசை, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குச் சற்று மேல்தான் போகும். நம் மாவட்டம் தட்டை நிலம், குன்று கிடையாது. இரு பக்கமும் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் கணக்குப்படி 26 கிலோமீட்டர் வரும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். ஒரே தாவலில் போகாது. ஆனால் மண்டபத்தில் ஒருவர், உச்சிப்புளியில் ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து உட்கார்ந்தால் மூன்று தாவலில் போய்விடும். மாக்சிமும் வின்ட்சர் லாக்ஸ்காரரும் செய்ததுதான். தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கமும் வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும் இதே மாதிரி ஆள் வேண்டும். உயரமான இடத்தில் ரிப்பீட்டர், அதாவது அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி, இருந்தால் வேலை சுலபம். ஆனால் ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும், அதுவும் புயலில் படுக்கலாம். ஆகவே அது இல்லை என்று வைத்துத் திட்டமிட வேண்டும். கோடையில் கடல்மேல் காற்றடுக்கு அமைந்தால் 2 மீட்டர் அலை பாக் நீரிணையைத் தாண்டி வெகுதூரம் போகும். நெட்டுக்கு அதை நம்பக் கூடாது. புயல் நாளில் அந்த அடுக்கு இருக்காது.

மாவட்டத்தைத் தாண்ட 40 மீட்டர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான். ராமேசுவரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா என்பது மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவில் வெட்டி கோஆக்சியல் கேபிள். இதை நிறைய உயரத்தில் கட்ட வேண்டாம், ஆறேழு மீட்டரே போதும். தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி சுற்று வட்டாரம் முழுக்க இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான். பகலில் இந்த வழியில் மதுரை, திருச்சி, சென்னை எல்லாம் பேசலாம். ஆசியா-பசிபிக் பகுதிக்கு 7.110 மெகாஹெர்ட்ஸைப் பேரிடர் கால மைய அலைவரிசையாகச் சர்வதேச ஹாம் ஒன்றியம் வைத்திருக்கிறது.

பகல் வரைக்கும்தான் உறுதி. இருட்டிய பிறகு நிலைமை மாறும். அயனி மண்டலத்தின் மேலடுக்கு மெலிந்து, பக்கத்து ஊர் காணாமல் போய் வெகுதூர நிலையங்கள் காதைக் கிழிக்கும். அப்போது 80 மீட்டர் அலைவரிசைக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பி இரட்டிப்பு நீளம், இடி மின்னல் பருவத்தில் சடசடப்பும் அதிகம். போதாததற்குப் பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டின் காரணமாகத்தான் 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்தார்கள். நமக்கு அதனால் கிடைப்பது, அந்தி சாய்ந்த பிறகு சில மாதங்களில் குரல் நடுநடுங்கி வருவது. எந்த இரவு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் முக்கியமான செய்தியை மாலை 4 மணி நெட்டிலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். இரவை உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

பனைமரம் நம் மாவட்டத்தின் பெரிய வசதி. இரண்டு பனைக்கு நடுவில் கட்டலாம். ஒரு முனையைக் கப்பி வழியே கொண்டுவந்து கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பியை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டு, கரை கடந்த பிறகு ஏற்றுவதே புத்தி. கேபிள் முனையை வீட்டுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும், இடிக்கு. கடற்கரையில் உண்மையான எதிரி உப்பு. கனெக்டரில் செம்பு பச்சை பூத்துவிடும். தானாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்காவிட்டால் தேவைப்படும் அன்று செட் ஊமையாக இருக்கும். மின்சாரக் கவலை குறைவு. 100 வாட் செட் பேசும்போது 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது ஒன்று ஒன்றரைதான். விசைப்படகு பேட்டரி ஒன்று இருந்தால் அளவாகப் பேசி ஒரு நாளுக்கு மேல் ஓட்டலாம். 12 வோல்ட் வயரிங் தெரிந்த பையன்கள் நம் கரையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், படகில் எல்லாம் அவர்கள் கைதான்.

பாம்பனில் 3-ம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த வரிசை 11 வரை போகும். 10 வரை காற்றையும் புயலின் போக்கையும் பற்றியது. 11-ம் எண் மட்டும் வேறு மாதிரி: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் ஆபத்து உண்டு என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். செய்தி வராததையே ஒரு எச்சரிக்கையாக வைத்தவர்கள் இந்தக் கரைகளை நன்றாகத் தெரிந்தவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனபோது, கம்பிகள் எல்லாம் விழுந்துகிடந்ததால் நடந்தது என்னவென்று வெளியே முழுதாகத் தெரிய வெகு நேரம் பிடித்தது. ஹாம் நெட்டுக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான். புயலுக்கு முன்னால் போன் இருக்கிறது. மூன்று நாள் கழித்து மொபைல் நிறுவனம் வண்டியில் டவர் கொண்டுவந்துவிடும். நடுவிலுள்ள முதல் இரண்டு நாளுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இது நடக்குமா என்றால், எனக்குள்ள சந்தேகம் அலைவரிசையைப் பற்றியதல்ல, ஆட்களைப் பற்றியது. உரிமம் எடுத்தவர்களில் பலர் செட்டை அலமாரியில் வைத்துவிட்டு வாட்ஸ்ஆப் குழுவில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு வாரம் பேசாத நெட், புயலன்று பேசாது. ஆட்சியர் அலுவலகம் ஒத்துழைக்குமா என்பதும் அங்கே இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது. ஒருவர் ஆர்வமாக மேசை ஒதுக்குவார், அடுத்தவர் மாறி வந்ததும் கோப்பு தூங்கும். பேரிடர் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் போய் நின்று முகம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு குறுக்குவழி தெரியவில்லை. தினப் பயிற்சிக்கு ஒரு வழி உண்டு. உரிமதாரர் ஒருவர் மற்ற உரிமதாரருக்கு, தன் நிலையத்தின் சிக்னல், ஆன்டெனா, பேட்டரி நிலவரத்தைப் படிவத்தில் எழுதி, நடுவில் இருவர் வழியாக அனுப்பட்டும். மூன்றாம் நபர் யாரும் இல்லை, உள்ளடக்கமும் தொழில்நுட்பம்தான். அதே எண், அதே சொற்கணக்கு, அதே ஒழுங்கு கைக்கு வந்துவிடும்.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். படகில் இருக்கும் கடல்சார் வி.ஹெச்.எஃப். செட் வேறு உரிமம், வேறு அலைவரிசை. கடலில் ஆபத்து என்றால் சானல் 16, அல்லது கடலோரக் காவல் படையின் 1554. அங்கே ஹாம் நுழையக் கூடாது, மீனவரும் ஹாம் அலைவரிசையில் பேசக் கூடாது. இரண்டாவது, மன்னாரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், தனுஷ்கோடியிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தானே, அவர்களுக்கும் செய்தி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அலை தாராளமாகப் போகும். ஆனால் நாடு தாண்டி மூன்றாம் நபர் செய்தியைச் சர்வதேச விதியே அவசரநிலை, பேரிடர் நிவாரணம் தவிர அனுமதிப்பதில்லை. இலங்கை ஹாமோடு நீங்கள் உரிமதாரராக வானிலை பேசலாம், சித்தப்பா சௌக்கியமா என்று விசாரிக்கச் சொல்லக் கூடாது. இந்தக் கரையில் எல்லா ஏஜென்சியும் காது வைத்திருக்கின்றன. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீன வாக்கிடாக்கியை உரிமம் இல்லாமல் வாங்கி மொட்டை மாடியில் அழுத்திப் பார்ப்பது மிகவும் கெட்ட யோசனை.

உரிமம் எடுக்க 12 வயது நிரம்பியிருந்தால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், அடிப்படை மின்னணுவியலும் விதிகளும்தான் பாடம். 40 மீட்டரும் 2 மீட்டரும் அதிலேயே கிடைக்கும். உரிமத்தில் எழுதிய முகவரி முக்கியம். தங்கச்சிமட வீட்டில் செட் வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த முகவரிக்கே எடுங்கள். உரிமம் கைக்கு வந்த பிறகு செட். என்னைக் கேட்டால் முதலில் கையடக்க செட்டை விட்டுவிட்டு, வண்டியில் வைக்கும் 2 மீட்டர் செட் ஒன்றை வாங்கி மாடியில் ஆன்டெனா போடுவேன். 40 மீட்டர் செட்டை அண்டை வீட்டு ஹாமோடு பங்கு போடலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு, உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெஷ்டாஸ்டிக் என்ற சின்னக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று குறுஞ்செய்தியைத் தாமே கடத்திக்கொள்ளும், தெருவுக்குத் தெரு, ஊருக்கு ஊர். மேலே சொன்ன ஹாம் விதி இதற்குப் பொருந்தாது. மாடியில் வைத்தால் சில கிலோமீட்டர் போகும், சென்னைக்குப் போகாது. ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு 'நலம்' என்று சொல்லப் போதும்.

அம்மாவுக்காக இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் அட்டையில் அவர் பெயர், தாத்தா பெயர், தெரு, சாப்பிடும் மருந்து, உங்கள் போன் எண் எல்லாவற்றையும் எழுதி லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள். முகாமுக்குப் போனால் பதிவேடு எழுதுபவரிடம் அதைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லி எழுதும் பட்டியலில்தான் பெயர்கள் சிதையும். உங்கள் எண்ணோடு கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அதே வாரம் சென்னையிலும் டவர் படுக்கலாம்.